தேர்வு முடிந்ததும் வகுப்பை மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயது வந்தோருக்கான எழுத்தறிவுத் தேர்வு நடந்த மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஒரு படம் வரும். பேரனோ பேத்தியோ கையைப் பிடித்து அழைத்துவர, ஒரு பாட்டி பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். உங்கள் பத்திரிகையிலும் வந்தது. நல்ல படம், வகுப்பில் எல்லோருக்கும் காட்டினேன், சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டி ஆறு மாதம் கழித்து எதையாவது படிக்கிறாரா, படிக்க அவர் கைக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று எந்தப் பத்திரிகையும் போய்க் கேட்டதாக நான் பார்க்கவில்லை. அரசாங்கமும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

நான் எங்கள் ஊராட்சியில் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். திட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022-ல் ஆரம்பித்து 2027 மார்ச் வரை ஐந்து வருடத்துக்குப் போட்ட திட்டம் இது. 15 வயதுக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஐந்து கோடிப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பது நாடு முழுவதற்குமான இலக்கு. ஒதுக்கிய பணம் 1,037.90 கோடி ரூபாய், அதில் 700 கோடி மத்திய அரசு, மீதி மாநிலங்கள். ஐந்து கோடிப் பேருக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு ஆளுக்கு 207 ரூபாய் சொச்சம் வருகிறது. ஒரு ஆளை வாழ்நாள் முழுக்கப் படிக்கிறவராக மாற்றுவதற்கு இவ்வளவுதான் நாம் எடுத்துவைத்திருக்கும் பணம்.

திட்டத்தின் தாளை எடுத்துப் பார்த்தால் அதில் ஐந்து பகுதி இருக்கிறது. அடிப்படை எழுத்தும் எண்ணும் முதல் பகுதி. அப்புறம் வாழ்க்கைத் திறன்கள், தொழில் திறன்கள், அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி. அடிப்படைக் கல்வி என்றால் விருப்பப்பட்டவர்களை ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, அதற்கு மேல் உயர்நிலை வகுப்புகளுக்குச் சமமான தேர்வு வரை கொண்டுபோவது. தாளில் நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் கண்ணால் பார்த்தது முதல் பகுதியை மட்டும்தான். ஆறு மாதம், 200 மணி நேரம் வகுப்பு, முடிவில் ஒரு தேர்வு. படித்தல் 50, எழுதுதல் 50, கணக்கு 50, மொத்தம் 150 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 33 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். அதோடு வருகைப் பதிவேட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்த வருடத்துக்குப் புதுப் பெயர்ப் பட்டியல் வந்துவிடும். போன வருடம் படித்தவர்கள் பழைய பட்டியல், அவர்களைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் பேச மாட்டார்கள்.

33 சதவீதம் என்றால் 50-க்கு 17. படித்தலில் 17 எடுத்த ஒருவர் எப்படிப் படிப்பார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் இடத்தில் நின்று, 'கெ'வா 'கொ'வா என்று யோசித்து, சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து வருவார். அதில் தப்பே இல்லை, எல்லோரும் அப்படித்தான் ஆரம்பித்தோம். குழந்தையாக இருந்தால் அதற்கு மேல் பத்து வருடம் பள்ளிக்கூடம் இருக்கிறது, கூட்டிப் படிப்பது தானாக ஓட்டமாக மாறிவிடும். இவர்களுக்கு அந்தப் பத்து வருடத்துக்குப் பதிலாக என்ன இருக்கிறது? ஒரு சான்றிதழ் இருக்கிறது.

இது வெறும் பயம் இல்லை, நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது நான் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். தெருவிளக்குக்குக் கீழே பாயைப் போட்டு வகுப்பு நடத்தினோம். அந்த வகுப்பில் என்னிடம் படித்த ஒரு அக்கா, தெருவில் அடிபம்பு கெட்டுக் கிடக்கிறது என்று தானே கலெக்டருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டவர், ஒரு எழுத்துகூட நான் திருத்தவில்லை. இப்போது எங்கள் மையத்தின் பட்டியலில் அதே அக்காவின் பெயர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று வந்திருக்கிறது. பட்டியல் எடுத்தவர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தப்பு இல்லை. கையெழுத்து மட்டும் கையில் நின்றிருக்கிறது, அதையும் படம் வரைவதுபோலத்தான் போடுகிறார். மற்றதெல்லாம் போய்விட்டது. கார்டு எழுதியது ஞாபகம் இருக்கிறது, அந்தக் கார்டில் என்ன எழுதினார் என்றுகூடச் சொன்னார், ஆனால் "குடிதண்ணீர்" என்று எழுதிக் காட்டினால் படிக்க முடியவில்லை. முப்பது வருடம் அவருக்குப் படிக்க எதுவும் இல்லை, எழுத எதுவும் இல்லை, நாற்று நடவும் களை எடுக்கவும் பிள்ளைகளை வளர்க்கவும் எழுத்து தேவைப்படவில்லை, தேவைப்பட்ட இடத்தில் மகன் படித்துச் சொல்லிவிட்டான். புழங்காத எழுத்து மறந்துபோகும், அவ்வளவுதான். அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தது நாமெல்லோரும்தான்.

அறிவொளியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதுபோல ஒரு இயக்கத்தை என் வாழ்நாளில் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. கேரளத்தில் எர்ணாகுளம் 1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டபோது பிடித்த உற்சாகம் இங்கேயும் பரவியது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போய், பெண்கள் ஆண்கள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். கல்குவாரியில் கூலிக்கு ஜல்லி உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். அந்தப் பெண்களுக்கு எழுத்து என்பது தேர்வுத்தாளில் மட்டும் இருக்கிற ஒன்றாக இல்லை. குத்தகைத் தாளில் இருந்தது, கணக்கு நோட்டில் இருந்தது, சைக்கிளில் போய் இறங்குகிற ஆபீஸ் வாசலில் இருந்தது. எழுத்து நின்ற இடங்களில் எல்லாம் இப்படி ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கிறது.

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது இன்னும் பெரிது. அங்கே முதல் கட்டப் பாடம் முடிந்த பிறகு, படித்ததை மறக்காமல் இருக்க அடுத்த கட்ட வாசிப்புப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் சீதம்மா என்று ஒரு பெண்ணின் கதை, சாராயத்தால் குடும்பம் சீரழிந்த பெண், ஊர்ப் பெண்களைக் கூட்டிச் சாராயக் கடையை மூட வைக்கிற கதை. தூபகுண்டா என்கிற கிராமத்துப் பெண்கள் அதையே தங்கள் ஊரில் செய்து காட்டினார்கள். 1992-ல் மாவட்டம் முழுக்கப் பரவி, அப்புறம் மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராய விற்பனைக்கே தடை வந்தது. இதைப் பேசுகிறவர்கள் எல்லோரும் போராட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் கதை இரண்டாவது புத்தகத்தில் இருந்தது என்பது. முதல் புத்தகத்தோடு வகுப்பை மூடியிருந்தால் அந்தப் பெண்கள் சீதம்மாவைப் படித்திருக்கவே மாட்டார்கள்.

கேரளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் மாநிலம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தது மந்திரி இல்லை, புதிதாகப் படித்த சேலக்கோடன் ஆயிஷா என்கிற அம்மா. ஆனால் அந்த மேடையோடு அவர்கள் கடையைக் கட்டிவிடவில்லை. 1998-ல் மாநில எழுத்தறிவு இயக்கத்துக்கென்று தனி அமைப்பே ஏற்படுத்தி, தொடர்கல்வி மையங்கள் வைத்து, நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று சமநிலைத் தேர்வுகள் நடத்துகிறார்கள். கார்த்தியாயினி அம்மா 96 வயதில் 2018-ல் எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கினார் என்று நாமெல்லாம் ஆச்சரியப்பட்டோம். பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புத் தேர்வு எழுதினார். அந்த வயதில் ஒருவர் போய்ப் படிக்கிறார் என்றால் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் அப்போதும் ஒரு மையம் திறந்திருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். முழு எழுத்தறிவு என்று அறிவித்து 27 வருடம் கழித்தும் திறந்திருக்கிறது.

நம் பக்கம் என்ன நடந்தது? 1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம். 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம், அதன் கீழே அறிவொளி, அதன் தொடர்ச்சியாக வளர்கல்வி மையங்கள். 2009-ல் கற்கும் பாரதம், அது 2018 மார்ச்சோடு நின்றது. 2020-ல் கற்போம் எழுதுவோம் இயக்கம். 2022-ல் இப்போதைய திட்டம். ஒவ்வொரு தடவையும் பெயர் மாறுகிறது, புத்தகம் மாறுகிறது, பதிவேடு மாறுகிறது, நடுவில் ஒன்றிரண்டு வருடம் ஒன்றுமே இல்லாமல் போகிறது, ஆனால் போன தடவை படித்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கணக்கு அடுத்த திட்டத்துக்குக் கைமாறுவதே இல்லை. எங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கும் அந்த அக்கா அரசின் கணக்கில் ஒரு தடவை எழுத்தறிவு பெற்றவர், இப்போது மறுபடி ஒரு தடவை பெறப் போகிறார்.

சரி, வகுப்பில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டங்களில் இதைச் சொல்ல நேரம் கொடுக்க மாட்டார்கள்.

முதல் விஷயம் கண். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும், வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், படித்தவர்களுக்குச் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கும்போது தெரிந்துவிடும். இவர்கள் அதுவரை கிட்டத்தில் வைத்து எதையும் படித்ததே இல்லை என்பதால் கண் மங்கியது அவர்களுக்கே தெரியாது. ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். புத்தகத்தைக் கொடுத்தால் "எழுத்து மேல ஈ மொய்க்கிற மாதிரி இருக்கும்மா, எனக்குப் படிப்பு ஏறாது" என்பார்கள். ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். அன்றைக்கு ஒரு பக்கம் முழுக்கப் படித்தார், படித்து முடித்துவிட்டு, இத்தனை நாள் நான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று அழுதுவிட்டார். வகுப்பு ஆரம்பிக்கும் முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் கண் பரிசோதனை செய்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கண்ணாடி கொடுத்துவிட்டுத்தான் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், நல்ல வேலை. அதையும் இதையும் ஊராட்சி அளவில் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை, இரண்டு துறை உட்கார்ந்து பேசினால் போதும்.

இரண்டாவது, இவர்கள் உண்மையில் எதைப் படிக்க ஆசைப்படுகிறார்கள் என்பது. பாடப்புத்தகத்தில் குடும்பம், மரம், சுத்தம் என்று பாடங்கள் இருக்கின்றன, இருக்கட்டும். எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரே மூச்சாக உட்கார்ந்து படித்த நாள், ஒரு அம்மா தன் பாங்க் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்த நாள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதாமாதம் வரவில் ஏறியிருந்தது, அதை அவரே கண்டுபிடித்துவிட்டார். அதற்குக் கீழே பற்றில் 436 ரூபாய். இது எதுக்கு, நான் எடுக்கவே இல்லையே என்று கேட்டார். அது வருடத்துக்கு ஒரு தடவை பிடிக்கிற ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், எப்போதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், இரண்டு லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பணத்தைக் கேட்டு யாரும் போயிருக்க மாட்டார்கள். அடுத்த வகுப்புக்கு ஆளாளுக்குப் பாஸ்புக்கும், மகளிர் குழுக் கடன் அட்டையும், மின்கட்டண அட்டையும் கொண்டுவந்துவிட்டார்கள். வருகைப் பதிவு அந்த மாதம்தான் முழுசாக இருந்தது.

ஆனால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், பாஸ்புக்கில் பதிவு ஆங்கிலத்தில் இருக்கிறது. பாங்கிலிருந்து போனுக்கு வரும் செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. மாத்திரை அட்டையில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் படிவம் சில இடங்களில் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. பஸ்ஸில் ஊர்ப் பெயர் தமிழில் இருக்கிறது, சந்தோஷம், ஆனால் முன்பு பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள், இப்போது பல பஸ்களில் விளக்கில் ஓடுகிற பலகை. கூட்டிப் படிக்கிறவர் மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் பெயர் ஓடிவிடுகிறது. பெரிய செலவு இல்லாமல் மாற்றக்கூடியவை இவை. ஊர்ப் பெயர் ஓடாமல் நின்று எரியட்டும். பாங்க் தன் வாடிக்கையாளருக்கு அனுப்பும் செய்தியைத் தமிழில் அனுப்பட்டும். வங்கி, மருந்து, போக்குவரத்து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையிடம் இருக்கிறது, எழுத்தறிவுத் திட்டம் பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது, அதனால் இது யாருடைய வேலையாகவும் இல்லாமல் போய்விடுகிறது.

செல்போன் வந்துவிட்டதால் எழுத்து தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில் அப்படி இல்லை. பேசி அனுப்பலாம், பேசியே தேடலாம், வீடியோ பார்க்கலாம், ஒரு எழுத்துகூடத் தெரியாமல் நாள் முழுக்கப் போனைப் புழங்க முடிகிறது. முன்பாவது வெளியூரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்ற தேவை இருந்தது, அதுவும் போய்விட்டது. எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: வகுப்புக் குழுவில் குரல் பதிவு போடக்கூடாது, எழுதித்தான் போட வேண்டும், எத்தனை பிழை வந்தாலும் பரவாயில்லை. "இனைக்கு வர முடியல காச்சல்" என்று ஒருவர் முதல் தடவை போட்டபோது, அதை நான் திருத்தவில்லை. செய்தி வந்து சேர்ந்தது, அது போதும்.

ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வருவதில்லை. தெரியாது என்று ஊர் முன்னால் ஒத்துக்கொள்ள வெட்கம், வேலை முடிந்து வரும் நேரமும் வேறு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆண்களின் எழுத்தறிவு 86.77 சதவீதம், பெண்கள் 73.44, அதனால் பெண்களுக்கு முதலிடம் கொடுப்பது நியாயம். ஆனாலும் ஆண்களுக்கு வேலை நடக்கும் இடத்தில், இருக்கிற நேரத்தில் வகுப்பு வைத்தால்தான் வருவார்கள்.

இப்போது சொல்லிக்கொடுக்கிறவர்களைப் பற்றி. இந்தத் திட்டத்தில் தன்னார்வலருக்குச் சம்பளமோ மதிப்பூதியமோ கிடையாது. சேவையாகச் செய்ய வேண்டும் என்கிறார்கள். நான் செய்கிறேன், எனக்கு வீட்டில் சிரமம் இல்லை, முடிகிறது. ஆனால் எங்கள் ஒன்றியத்தில் என்னோடு பயிற்சிக்கு வந்தவர்களில் நிறையப் பேர் பிளஸ் டூவோ டிகிரியோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பெண்கள். கொஞ்ச நாள் ஆர்வமாக எடுப்பார்கள், துணிக்கடையிலோ மில்லிலோ வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், போக வேண்டியதுதான், அவர்களை யாரும் தப்புச் சொல்ல முடியாது. வகுப்பு பாதியில் நிற்கும், பள்ளி ஆசிரியர் தன் வேலையோடு சேர்த்து இதையும் இழுத்துப் பிடிப்பார். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தபோது அந்தத் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அது பெரிய பணம் இல்லை, ஆனால் நீ செய்கிறது ஒரு வேலை என்று ஒத்துக்கொண்டதற்கு அடையாளம். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் வேலை, அந்தக் குழந்தையின் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தால் சேவை என்பது எனக்குப் புரியவில்லை.

அதைவிட வருத்தம், கூட்டங்களில் கேட்கும் கேள்வி. எங்களை அழைத்து வைத்துக் கேட்பதெல்லாம் எத்தனை பேர் பதிவு, எத்தனை பேர் வருகை, எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், போட்டோ ஏற்றியாயிற்றா. யார் என்ன படிக்கிறார், எங்கே தடுக்குகிறார் என்று ஒரு அதிகாரி ஒரு தடவை கேட்டிருந்தால்கூட இந்தக் கடிதத்தை நான் கொஞ்சம் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அவர்கள் மேலும் கோபம் இல்லை, அவர்களிடம் மேலே இருக்கிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

இந்த எண்ணிக்கை அவசரம் இனிமேல் கூடத்தான் போகிறது. 95 சதவீதம் எட்டினால் முழு எழுத்தறிவு என்று வைத்துக்கொள்ளலாம் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024-ல் சொல்லிவிட்டது. லடாக் 2024-ல் அறிவித்தது, 2025-ல் மிசோரம், கோவா, திரிபுரா வரிசையாக அறிவித்தன. நம் மாநிலமும் அந்த வரிசையில் வர வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-ல் வருகிறது, இந்தத் திட்டம் முடிவதும் 2027-ல். கணக்கெடுக்க வருகிறவர் வீட்டு வாசலில் நின்று எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்பார், சான்றிதழ் வாங்கியவர் தெரியும் என்பார், பதிவாகிவிடும். புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கெடுப்பின் வரையறை, ஆனால் யாரும் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்க்கப் போவதில்லை. அறிவிப்பு வந்துவிட்டால் அதன் பிறகு இந்தப் பெண்களுக்காக யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள் என்பதுதான் என் பயம். முடிந்துபோன பிரச்சினைக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

அதனால் நான் கேட்பது ரொம்பச் சின்னது. தேர்வு முடிந்த பிறகு இன்னும் ஒரு வருடமாவது ஒவ்வொரு மையத்தையும் வாரத்தில் இரண்டு நாள் திறந்து வையுங்கள். பாடம் நடத்தக்கூட வேண்டாம், உட்கார்ந்து படிக்க இடமும், கேட்டால் சொல்ல ஒரு ஆளும், பெரிய எழுத்தில் அச்சடித்த பத்திருபது சிறு புத்தகங்களும் போதும். இடத்துக்கும் பஞ்சம் இல்லை. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள், பல ஊர்களில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, எங்கள் ஊரிலும் அப்படித்தான். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்காரரும் கட்டுகிறார். அந்தப் பூட்டைத் திறந்து, தேர்ச்சி பெற்றவர்களில் நன்றாகப் படிக்கிற ஒருவரையே பொறுப்பாகப் போட்டு, அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கலாம். அவருக்கும் எழுத்து மறக்காது. அடுத்த படிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லவும் ஒரு இடம் இருக்கும். இப்போது சின்னச் சின்ன வேலைக்குக்கூட எட்டாவது சான்று, பத்தாவது சான்று கேட்கிறார்கள், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி அதற்காகத்தான் வகுப்புக்கே வந்தேன் என்று என்னிடம் சொன்னாள். அவளிடம் இதற்கு மேல் இங்கே ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியாக, ஆசிரியர் அவர்களே, உங்களிடமே ஒரு கோரிக்கை. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது, உங்கள் பத்திரிகையில் கால் பக்கம் இவர்களுக்காக ஒதுக்குங்கள். எழுத்து சாதாரணமாக நீங்கள் போடுவதைப்போல இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், வரிக்கும் வரிக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும், ஒரு வாக்கியத்தில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் வேண்டாம். ஆனால் விஷயம் பெரியவர்களுக்கான விஷயமாக இருக்க வேண்டும், குழந்தைக் கதை போடாதீர்கள், அவர்களுக்கு அது அவமானமாக இருக்கிறது. அந்த வாரத்துச் செய்தி இரண்டு, காய்கறி விலை, மழை எப்போது, ஒரு அரசு அறிவிப்பு என்ன சொல்கிறது, எந்தத் தேதிக்குள் எங்கே போக வேண்டும், இப்படி. ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் வந்தால் தமிழிலேயே விரித்து எழுதுங்கள்.

நீங்கள் ஆரம்பித்தால் முதல் சில வாரங்களுக்கு, அச்சுக்குப் போகும் முன்பே அந்தப் பகுதியை எங்கள் மையத்தில் உள்ளவர்களிடம் கொடுத்துப் படிக்க வைத்து, எந்தச் சொல்லில் நின்றார்கள், எது புரியவில்லை என்று அன்றைக்கே எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். எங்கள் வகுப்பு செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஏழு மணிக்கு. வியாழனுக்குள் அனுப்பினால் வெள்ளி இரவே உங்களுக்குப் பதில் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு எழுத்தறிவு மையத் தன்னார்வலர்